வண்டிக்குள் ஓர் அடுப்பு!

மே மாதத்து வெயிலில், அக்கினி நட்சத்திரம் தகிக்கிற நாளில், குடும்பத்தோடு வேனில் யாத்திரை போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்த மேடையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சினை மூடிக்கொண்டு, ரெக்ஸின் உறை போட்டுத் திண்ணை மாதிரி இருக்குமே, அதுதான். 'பானெட்' என்பார்கள். வண்டியில் இடம் போதாவிட்டால் வீட்டில் யார் சாதுவோ அவரை அதன்மேல் உட்கார்த்திவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது ஒரு குழந்தையாக இருக்கும். அல்லது, "எனக்கென்ன, எங்கே வேண்டுமானாலும் உட்காருவேன்" என்று சொல்லும் ஒரு பெண்மணியாக இருக்கும்!

"சமையல், தையல் எல்லாம் முடிந்து இப்போது மோட்டார் ரிப்பேருமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதுவும் அடுப்பு விஷயந்தான். அடுப்பைப் பற்றி நமக்குத் தெரியாததை மெக்கானிக் சொல்லித் தரப் போவதில்லை.

போன கோடையில் எங்கள் அக்கா வீட்டு வேனில் சென்னையிலிருந்து புறப்பட்டோம். அத்தானுக்கு ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஆசை. வண்டியிலேயே வீடு! படுக்க இரண்டு பலகை, சின்ன அலமாரி, ஒரு தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி, ஒற்றை அடுப்பு. அதிலேயே ஊர் ஊராகப் போய்த் தங்கலாம் என்று திட்டம். நினைத்துப் பார்த்தால் நல்ல ஆசைதான்.

இந்த ஆசை நம் பக்கத்துக்கு ஒன்றும் புதிதல்ல. என். டி. ராமராவ் 1982-ல் கட்சி தொடங்கியபோது பழைய செவர்லே வண்டி ஒன்றைப் பிரசார ரதமாக மாற்றி, 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு, ஆந்திரம் முழுவதும் மாதக் கணக்கில் அதிலேயே சுற்றினார். சினிமாப் படப்பிடிப்புகளில் நட்சத்திரங்களுக்காகக் காத்து நிற்கும் 'கேரவன்' இன்று எல்லோரும் அறிந்த சமாசாரம். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. சொகுசெல்லாம் சரி. ஆனால் வீட்டைச் சுமந்து போகிற வண்டி, வீட்டுக்குள்ளேயே ஓர் எஞ்சினையும் அல்லவா சுமந்து போகிறது!

திண்டிவனம் தாண்டுகிற வரையில் ஒன்றும் தெரியவில்லை. கூட்டேரிப்பட்டில் திரும்பி, மைலம் மலை ஏறி, முருகனைத் தரிசித்துவிட்டு மறுபடி நெடுஞ்சாலைக்கு வந்தபோது உச்சி வேளை. அப்போதுதான் அக்காவின் பேத்தி வீரிட்டாள். ஆறு வயதுக் குழந்தை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பானெட்டின் ஓரத்துத் தகரத்தில் காலை வைத்துவிட்டாள். உள்ளங்கால் சிவந்து போயிற்று. குளிர்ந்த தண்ணீரை வெகுநேரம் ஊற்றி ஒருவாறு சமாதானப்படுத்தினோம்.

குழந்தை அழுதாள், அதனால் நமக்குத் தெரிந்தது. அழாமல் ஒருவர் அந்தச் சூட்டைக் காலையிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தாரே, அவர்தான் டிரைவர் அண்ணன். இடது கால் முழுவதும் அந்தத் தகரத்தை ஒட்டியபடியே இருந்தது. கண்கள் சொருகுவதை அப்போதுதான் நான் கவனித்தேன்.

விக்கிரவாண்டிக்கு அருகில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. நாங்களும் நின்றோம். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி!

அத்தான் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினார், ரேடியேட்டர் மூடியைத் திறக்க. "ஐயா, தொடாதீங்க!" என்று டிரைவர் அண்ணன் போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்வாங்கினார். அந்தச் சத்தம் அவர் முகத்தையும் கண்களையும் காப்பாற்றியது என்று பிறகுதான் புரிந்தது.

சகோதரிகளே, இதை நாம் ஆண்களுக்கு எடுத்துச் சொல்லலாம். ரேடியேட்டர் என்பது ஒரு பிரஷர் குக்கர். மூடி அழுத்திப் பிடித்திருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் பாயும். ஆவி அடங்காத குக்கரை நீங்கள் திறப்பீர்களா? எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணிக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். ரேடியேட்டரைக் கையால் தொடும்படி ஆறிய பிறகே மூடியில் கை வைக்கலாம். அவசரப்பட்டுச் சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் தப்பு. காய்ந்த கண்ணாடித் தம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்றின கதையாகி, எஞ்சினின் இரும்பே விரிசல் காணலாம்.

வண்டி ஆறிய பிறகு தண்ணீர் நிரப்பி, மெள்ள ஊர்ந்து, முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரம் வந்து சேர்ந்தோம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். அன்று அது எங்களுக்குக் காசி யாத்திரை!

விழுப்புரத்தில் ஒரு பட்டறை. அங்கிருந்த மேஸ்திரி வயதானவர். பஸ்களோடு நாற்பது வருஷம் மாரடித்தவராம். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். கீழே படுத்தும் பார்த்தார். எழுந்து அத்தானிடம் கேட்டார்: "ஏங்க, சமையலறையில எல்லா ஜன்னலையும் சாத்திட்டு அடுப்பெரிப்பீங்களா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். வண்டிக்குள் அலமாரி செய்த தச்சர், தூசி வரக் கூடாதென்று எஞ்சினுக்குப் பின்னால் கீழே இருந்த திறப்பையெல்லாம் பிளைவுட் அடித்து மூடியிருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முன்னால் நுழைகிற காற்று வெளியேற வழியில்லை. அதே சமயம், தண்ணீர்க் குழாய்க்கும் மின்சாரக் கம்பிக்கும் பானெட்டின் ஓரமாகப் போட்ட ஓட்டைகளை அடைக்காமல் விட்டுவிட்டார். வெளியே போக வேண்டிய சூடு, உள்ளே வந்தது!

"சூட்டுக்கு ஒரு வாசல் வேணும்மா. ஆனா அந்த வாசல் நம்ம வீட்டுக்குள்ள திறக்கக் கூடாது" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னதையும், பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் உங்களுக்கு வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நூறு ரூபாய்க்குக் கணக்கு

முதலில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நீங்கள் போடும் டீஸலில் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் முப்பத்தைந்து, நாற்பது ரூபாய்தான் வண்டியை ஓட்டும் வேலைக்கு உபயோகமாகிறது. ஏறக்குறைய முப்பது ரூபாய் புகைக் குழாய் வழியே சூடாகவே போய்விடுகிறது. மீதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரும் எஞ்சினின் உடம்பும் வாங்கிக்கொண்டு காற்றில் விடுகின்றன. ஆக, வருமானத்தில் பாதிக்கு மேல் சூட்டுச் செலவு!

பார வண்டி மேடேறும்போது புகைக் குழாயின் தொடக்கத்தில் 500 டிகிரிக்கு மேலும் போகும். தோசைக்கல்லின் சூடு 200 டிகிரி சுமாருக்குத்தான் இருக்கும். அந்தக் குழாய், உங்கள் குழந்தை உட்காரும் ரெக்ஸின் திண்ணைக்குச் சில அங்குலம் கீழே ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

முதலில் ரேடியேட்டர்

சூட்டைத் தடுக்க மெத்தை வாங்குவதற்கு முன்னால், சூடு அதிகமாக உண்டாகாமலும் தேங்காமலும் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே வைக்கோல் துரும்பும், பூச்சியும், மண்ணும் அடைத்துக் கிடந்தன. காற்று எப்படிப் போகும்? எஞ்சின் ஆறியிருக்கும்போது, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மிதமான வேகத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வேகம் அதிகமானால் தகடுகள் மடங்கிவிடும். ஏ.ஸி. வண்டியானால் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு தகட்டுச் சட்டம் இருக்கும். இரண்டுக்கும் இடுக்கில்தான் அழுக்கு அதிகம் சேரும்.

அடுத்தது தண்ணீர். நம் ஊர்ப் போர்வெல் தண்ணீரை வெந்நீர்ப் பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதல்லவா? அதேதான் எஞ்சினுக்குள்ளும் படியும். படிந்தால் சூடு தண்ணீருக்கு இறங்காது. கூலண்ட் என்று விற்கும் திரவத்தை, வண்டிப் புத்தகத்தில் சொல்லியுள்ள அளவில் வடிநீருடன் கலந்து ஊற்றுவதுதான் முறை. "நம் ஊரில் பனியா பெய்கிறது, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பார்கள். பனிக்கு மட்டுமல்ல, அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது.

விசிறியின் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, விசிறியைச் சுற்றியுள்ள கூண்டு உடைந்திருக்கிறதா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இற்றுப்போயிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூடியின் ரப்பர் கெட்டால், கேஸ்கட் போன குக்கர்தான்.

அடுத்தது வாசல்

எஞ்சினுக்குக் கீழேயும் பின்னாலேயும் கம்பெனிக்காரர் விட்ட திறப்புகளை அடைக்கக் கூடாது. எங்கள் வண்டியில் பிளைவுட்டைப் பெயர்த்ததுமே பாதி வியாதி குணமாயிற்று. அதற்கு மாறாக, வண்டிக்கு உள்ளே திறக்கும் ஒவ்வோர் ஓட்டையையும் அடைக்க வேண்டும். பானெட் விளிம்பில் ரப்பர் பீடிங் நசுங்கிப்போயிருந்தால் புதிது போடுங்கள், செலவு அதிகமில்லை. கம்பி நுழையும் ஓட்டைகளுக்கு ரப்பர் வளையம் உண்டு. கியர் கம்பின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதுவும் ஒரு புகைபோக்கிதான்!

இது வெறும் சௌகரிய விஷயமல்ல, உயிர் விஷயம். புகைக் குழாயின் இணைப்பு எங்கேனும் கசிந்தால், கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு அந்த ஓட்டைகள் வழியாக உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தூக்கம் என்று தொடங்கி ஆளையே முடித்துவிடும். இணைப்புகளில் கரி படிந்திருந்தால் கசிவு இருக்கிறதென்று அர்த்தம். வண்டியில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தால், "வெயில்தான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டிராதீர்கள். உடனே நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தி, எல்லோரையும் வெளியே இறக்குங்கள். நின்ற வண்டியில் ஏ.ஸி.க்காக எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு தூங்குவது ஒருபோதும் கூடாது.

பிறகுதான் கவசம்

இவ்வளவும் முடிந்த பிறகு கவசம். மேஸ்திரி செய்தது எளிய காரியம். புகைக் குழாய்க்கும் பானெட்டுக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல், ஒரு பளபளப்பான அலுமினியத் தகடு. இருபுறமும் ஓர் அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி. பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் அனலில் பெரும்பகுதியைக் கண்ணாடி போலத் திருப்பிவிடும். இடைவெளியில் ஓடும் காற்று மீதியை அள்ளிக்கொண்டு போய்விடும். தகட்டில் எண்ணெயும் தூசியும் படிந்தால் பலன் குறையும். அவ்வப்போது துடைக்க வேண்டும்.

பானெட்டின் உட்புறத்தில், ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய, தீப்பிடிக்காத கண்ணாடி இழை மெத்தையைப் பொருத்தினார். வெள்ளித்தாள் எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். பசையை மட்டும் நம்பக் கூடாது. சூட்டில் பசை இளகி, மெத்தை விசிறியில் விழுந்தால் ஆபத்து. ஆணியோ தகட்டுப் பட்டையோ கொண்டு பிடிக்க வேண்டும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். தெர்மோகோல் வைக்காதீர்கள், 100 டிகிரிக்கு முன்பே இளக ஆரம்பிக்கும், எரியவும் செய்யும். பழைய கம்பளம், கோணிச் சாக்கு வேண்டாம். டீஸலையும் ஆயிலையும் குடித்துக்கொண்டு ஒரு நாள் திரியாகிவிடும். குழாய் முழுவதையும் நாடா போட்டுச் சுற்றச் சொல்வார்கள். உஷ்ணம் குறைவது உண்மையானாலும், நாடா மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும். 2020 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் பி.எஸ்.-6 டீஸல் வண்டிகளில் புகையை வடிகட்டும் பெட்டி ஒன்று உண்டு. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் சமயத்தில் 600 டிகிரியைக்கூட எட்டும். அதன்மேல் எதையும் சுற்றவோ, அருகில் எதையும் வைக்கவோ கூடாது. காய்ந்த புல்லின்மேல் அந்த வண்டியை நிறுத்துவதும் அபாயம்.

வண்டியை வீடாக்கும் யோசனை உள்ளவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டர், குளிர்பெட்டி, இரண்டாவது பாட்டரி, இவை மூன்றும் பானெட்டிலிருந்து எட்ட இருக்கட்டும். சூட்டில் பாட்டரியின் ஆயுள் குறையும். குளிர்பெட்டி ஓயாமல் உழைக்கும். சிலிண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டித் தண்ணீரும் பாரந்தான். பாரம் ஏற ஏற எஞ்சினும் கொதிக்கும். இன்னொன்று: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவான வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்வதே நலம்.

உள்ளே இருப்பவரும் மனிதர்தானே

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நம் பக்கத்து பஸ்களெல்லாம் கரி வாயுவில் ஓடின. பின்னால் ஒரு கரியடுப்பு, முன்னால் எஞ்சின், நடுவில் ஜனங்கள்! டி.வி.எஸ். நிறுவனம் அதற்கென்றே கரிவாயுக் கருவி செய்து கொடுத்தது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் சகித்தார்கள், வேறு வழியில்லை. அதன்பின் எத்தனையோ மாறிவிட்டது. எஞ்சினைப் பின்னால் வைத்த பஸ்கள் வந்துவிட்டன. லாரி டிரைவரின் அறைக்கு ஏ.ஸி. கட்டாயம் என்று புதிதாகத் தயாராகும் லாரிகளுக்குச் சட்டமே வந்திருக்கிறது. சூட்டில் வெந்தவனுக்குக் கண் அயரும், கை தடுமாறும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரிதான். ஆனால் பழைய வேன்களும் பஸ்களும் இன்னும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் நாம் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகையால் அடுத்த முறை வேன் அமர்த்தும்போது, "ஏ.ஸி. உண்டா? பாட்டு உண்டா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வண்டி கொஞ்சம் ஓடி வந்த பிறகு, கையைப் பானெட் ஓரத்தில் மெள்ள வைத்துப் பாருங்கள். சாதம் வெந்ததா என்று ஒரு பருக்கையை எடுத்துப் பார்ப்பவர்கள்தானே நாம்? மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட நேர்ந்தால் அந்த வண்டியில் அடுப்பு சரியில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையை எந்த வண்டியிலும் பானெட்டின்மேல் உட்கார்த்த வேண்டாம். சூட்டுக்காக மட்டுமல்ல, சடன் பிரேக் போட்டால் பிடித்துக்கொள்ள அங்கே எதுவுமில்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் வண்டியை நிழலில் நிறுத்தி, டிரைவருக்கு மோரோ தண்ணீரோ கொடுத்து, கால் நீட்டச் சொல்லுங்கள்.

விழுப்புரத்தில் ஓர் இரவு தங்கி மறுநாள் பிற்பகல் திரும்பினோம். அதே சாலை, அதே வெயில். விக்கிரவாண்டி தாண்டி, திண்டிவனம் நெருங்கும் சமயம், அக்கா குனிந்து பானெட் ஓரத்தில் கையை வைத்து எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... இருபது வரை எண்ணிவிட்டு நிமிர்ந்து சிரித்தாள்.

டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "நான் காலையிலேயே எண்ணிட்டேன்மா" என்றார். அவருடைய இடது கால், தகரத்தின்மேல் சுகமாகச் சாய்ந்திருந்தது.